நிலைப்படி எடுத்த வாசல்: கதவுக்கு அடியில் எதை வைத்து அடைப்பது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் வாசல் கதவுக்கு அடியில் சந்து என்பது முன்பு ஒரு கவலையாகவே இருந்ததில்லை. கதவு நிலைக்குப் பின்னால் உட்காரும். கீழே சில அங்குல உயரத்துக்கு நிலைப்படி நிற்கும். கதவின் அடிப்பாகம் அந்தப் படியின் உள்பக்கத்தை ஒட்டி மறைந்துகொள்ளும். உள்ளே தரை மேடும் பள்ளமுமாகக் கிடந்தாலும் வெளியிலிருந்து வருகிற தேளுக்கு முதலில் எதிர்ப்படுவது தேக்குக் கட்டைதான்.

இப்போது அந்தப் படி பல வீடுகளில் இல்லை. ஆயாவுக்கு வீல்சேர் வந்தது, ஸ்கூட்டரை ராத்திரி உள்ளே ஏற்ற வேண்டியிருந்தது, படியின் ஒரு முனையைக் கறையான் தின்றது என்று வீட்டுக்கு ஒரு காரணம். படியை அறுத்து எடுத்த இடத்தில் கொத்தனார் கலவை போட்டு மெழுகிவிட்டுப் போயிருப்பார். கதவு முன்பு இருந்த உயரத்திலேயே நிற்கும். அடியில் ஓர் ஓரத்தில் விரல் நுழையாது, இன்னோர் ஓரத்தில் கையே நுழையும். அதற்குப் பிறகுதான் ஹார்ட்வேர் கடைக்குப் போய் "கதவுக்கு அடியில ஒட்டுற ரப்பர் இருக்கா?" என்று கேட்கிறோம்.

ரப்பர் கேட்பதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொண்டால் செலவு குறையும். கதவின் அடி நேர்கோடு, தரை நேர்கோடு இல்லை. நேரான பட்டை எதைக் கதவில் அடித்தாலும் மேட்டில் உரசும், பள்ளத்தில் வெளிச்சம் விடும். ஆகவே இரண்டே வழிதான் உண்டு: தரையின் போக்குக்கு வளைந்துகொடுக்கிற பொருளைக் கதவில் மாட்டுவது, அல்லது கதவு நிற்கிற அந்த ஒரு கோட்டில் மட்டும் தரையை நேராக்குவது. கடையில் கிடைக்கிற மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று அரைகுறையாக வேலை செய்பவை.

கோணல் கதவிலா, தரையிலா?

உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, வெளியே ஒருவரைத் தரையோடு டார்ச் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். கதவுக்கு அடியில் தெரிகிற வெளிச்சம் ஒரு பக்கம் ஒல்லியாகத் தொடங்கி மறுபக்கம் சீராக அகன்றுகொண்டே போனால் பெரும்பாலும் கோளாறு கதவில். நடுவில் அகன்று ஓரங்களில் குறுகினாலோ, அங்கங்கே ஏறி இறங்கினாலோ கோளாறு தரையில். வாசலுக்கு நேர் நடுவில் காலங்காலமாக எல்லோரும் மிதிக்கிறார்கள், அதனால் பழைய தரைகளில் பள்ளம் அங்கேதான் விழுந்திருக்கும்.

கதவு தொங்கிப்போயிருந்தால் அதை முதலில் சரிசெய்துவிட வேண்டும். கைப்பிடிப் பக்கத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பாருங்கள். ஆடினால், கீல் கதவாக இருந்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. கீலுக்குப் பதில் மேலும் கீழும் துருத்துகிற முளையில் சுற்றுகிற குடுமிக் கதவாக இருந்தால் கீழ்க் குடுமி தேய்ந்திருக்கிறது. குடுமி உட்காரும் குழியில் சரியான அளவு இரும்பு வாஷர் ஒன்றைப் போட்டால் கதவு சில மில்லிமீட்டர் எழும்பிவிடும். கனமான பர்மா தேக்குக் கதவு என்றால் நாலு பேர் வேண்டும், அது வேறு விஷயம்.

மழைக்காலத்தில் கதவு அடியில் உரசினால் "மரம் உப்பிடுச்சு" என்று சொல்லி அடிப்பக்கத்தை இழைத்துவிடுகிற பழக்கம் இங்கே உண்டு. மரம் உப்புவது நாருக்குக் குறுக்கே, நாரின் நீளவாக்கில் மிகமிகக் குறைவு. கதவின் இரு பக்கச் சட்டங்களும் மேலிருந்து கீழாக நிற்பவை, ஆகவே ஐப்பசி அடைமழையிலும் கதவின் உயரம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கூடாது. அகலம்தான் கூடும். அடியில் உரசுகிறது என்றால் பார்க்க வேண்டியது கீலை. இழைத்துவிட்டால் தையில் காய்ந்ததும் சந்து இன்னும் பெரிதாகத்தான் நிற்கும்.

கதவைச் சரிசெய்த பிறகும் வெளிச்சம் அலையடித்தால் தரையை அளக்க வேண்டும். கதவை மூடி, அரையடிக்கு ஓர் இடத்தில் சந்தின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு முக்கியம். 8 மி.மீ.யிலிருந்து 12 மி.மீ. வரை என்றால் வித்தியாசம் 4, எதை மாட்டினாலும் சமாளிக்கலாம். 5-லிருந்து 20 என்றால் கதை வேறு.

இன்னொரு சோதனையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கதவு மூடியிருக்கும் இடம் மட்டும் போதாது, அது திறந்து சுற்றுகிற வழி முழுவதும் தரை எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். கோலமாவைச் சலித்து அந்த அரைவட்டம் முழுக்க மெல்லத் தூவுங்கள். எதை மாட்டப்போகிறீர்களோ அந்தப் பருமனுக்கு ஓர் அட்டையைக் கதவின் அடியில் செல்லோடேப்பால் ஒட்டி, கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். மாவு வழிக்கப்பட்ட இடமெல்லாம் மேடு. உள்ளே போகப் போகத் தரை ஏறுகிற வீடுகள் இங்கே நிறைய. படி எடுத்த இடத்தைக் கொத்தனார் வெளிப்பக்கம் சரித்து மெழுகியிருப்பார், வாசலுக்கு உள்ளே இருக்கிற தரை அதற்கு மேலே நிற்கும். மூடியிருக்கும்போது கச்சிதமாக உட்கார்கிற பட்டை, கதவு கால்வாசி திறந்ததும் சிக்கிக்கொள்வது இதனால்தான்.

எதைத் தடுக்கப்போகிறோம்

ஏசி குளிர் வெளியே போகக் கூடாது என்பதற்காக வாசல் கதவை அடைக்க நினைத்தால், இந்த ஊர் வீட்டு அமைப்பில் அது வீண். முன்வாசலில் நின்றால் பின்கட்டு வாசல் நேராகத் தெரிகிற வீடு, நடுவில் வானம் பார்த்த முற்றம். ஏசி இருக்கிற அறையின் கதவைப் பாருங்கள், அங்கே தரை பெரும்பாலும் புது டைல்ஸ், எளிதில் முடியும். கொசுவுக்கும் இதே பதில்தான்.

செம்மண் தூசி உண்மையான காரணம். முன்வாசலும் பின்வாசலும் ஒரே கோட்டில் இருப்பதால் இரண்டு கதவையும் சாத்தினாலும் அடிச்சந்து வழியாகக் காற்று இழுக்கும். தெருப் புழுதி, தரையில் பதித்த வண்ண ஆத்தங்குடிக் கல்லின் மேல் கோடு போட்டதுபோல் படிந்திருப்பதைக் காலையில் பார்க்கலாம்.

அடுத்தது பூச்சி பொட்டு. சுண்டெலிக்கு 6 மி.மீ. சந்து போதும், அதாவது ஒரு பென்சில் நுழைகிற இடம். தேளும் பூரானும் அதைவிடக் குறைவான இடத்தில் உடம்பைத் தட்டையாக்கி நுழையும். கட்டுவிரியன் இரவில் நடமாடுகிற பாம்பு, தரையில் பாய் விரித்துப் படுக்கிற வீட்டில் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலை விரியத் திறந்துவைப்பது நம் வழக்கம், அப்போது எந்தப் பட்டையும் உதவாது. நாம் பேசுவது ராத்திரிக் காவலைப் பற்றி.

மழைத் தண்ணீர்? இங்கே வீடுகள் தெருவைவிட நன்றாக உயர்த்திக் கட்டப்பட்டவை. முன்னால் திண்ணைக்கூரையும் இருந்தால் வடகிழக்குப் பருவமழைச் சாரலே கதவு வரை வருவது அரிது. வாசல் நேராகத் திறந்த வெளியைப் பார்த்த வீடு என்றால் மட்டும் தண்ணீரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது ஒன்றே தேர்வை மாற்றிவிடும்.

கடையில் கிடைப்பவை

துணி உறைக்குள் இரண்டு ஸ்பாஞ்ச் குழாய் வைத்து, கதவுக்கு அடியில் செருகுகிற டோர் கார்டுதான் மலிவு, ஒன்றிரண்டு நூறு ரூபாயில் முடியும். வழவழப்பான டைல்ஸ் தரையில் படுக்கையறைக் கதவுக்கு நல்லது. வாசலுக்கு வேண்டாம். தினமும் வாசல் தெளிக்கிற தண்ணீரைக் குடித்துக்கொண்டு நாறும், மேட்டில் மாட்டிக் கிழியும், எலிக்கு மெத்தை செய்யப் பஞ்சு கொடுத்த மாதிரியும் ஆகும்.

பின்னால் பசை தடவிய ரப்பர் பட்டை அதைவிட மோசம். நம் கதவுகளில் எண்ணெய் பூசுகிறோம், வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் குங்குமம் வைக்கிறோம், துடைக்கிறோம். அந்தப் பரப்பில் பசை நிற்காது.

அலுமினியச் சட்டத்தில் ரப்பர் நாக்கு வைத்து ஸ்க்ரூவில் மாட்டுகிற வகை மதிப்புள்ள பொருள். சட்டத்தின் ஓட்டைகள் நீளவாக்கில் இருப்பதால் கொஞ்சம் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். சாரல் தண்ணீரைத் தடுப்பதற்கு இதுதான் சரி. ஆனால் நாக்கு வளைந்துகொடுக்கிற அளவு சில மில்லிமீட்டர்தான். தரையில் 10 மி.மீ. வித்தியாசம் இருந்தால் பள்ளத்தை நிரப்ப நாக்கை இறக்க வேண்டும், இறக்கினால் மேட்டில் அழுத்தி உரசும். ஆத்தங்குடிக் கல்லில் அப்படி உரசவிடுவது பாவம். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் குழம்பை ஊற்றி, அதன் பின்னால் சிமென்ட்டும் மணலும் நிரப்பி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து எடுக்கிற கல் அது. வண்ணம் மேலே ஒரு மெல்லிய படலம்தான். ரப்பருக்கு அடியில் ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், கதவு சுற்றுகிற வழியெல்லாம் வில் வில்லாகக் கீறல் விழும். அந்தக் கீறலை வழக்கமான தேங்காய் எண்ணெய்த் துடைப்பு மறைக்காது.

இந்த ரப்பரையே தரைக்கு ஏற்ப வெட்டிக்கொள்ள ஒரு தச்சு வழி இருக்கிறது. நாக்கு மேட்டை லேசாகத் தொட்டு நிற்கிற உயரத்தில் சட்டத்தை வையுங்கள். நாக்கு தரையில் மடங்கக் கூடாது, அதை ஓர் அட்டையில் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டால் கோடு போட இன்னும் வசதி. பள்ளத்தின் ஆழத்துக்குக் குறையாத உயரமுள்ள ஒரு சிறு மரத்துண்டின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து, துண்டைத் தரையோடு அழுத்தி இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்தால், தரையின் மேடு பள்ளம் அப்படியே ரப்பரில் கோடாக விழும். அந்தக் கோட்டில் வெட்டி, கோடு தரையிலிருந்து நின்ற உயரத்துக்குச் சட்டத்தை இறக்கி மாட்டினால் மூடிய நிலையில் இடைவெளி இல்லாமல் உட்காரும். உள்ளே தரை ஏறாத வீட்டுக்கு மட்டும்தான் இது செல்லும், மாவு சோதனை சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள். ஆசாரியிடம் சொன்னால் இதே முறையில் ஒரு தேக்குச் சட்டத்தைச் சீவிக் கதவின் அடியில் ஸ்க்ரூ போட்டுக் கொடுப்பார். பார்க்க அழகு, நிபந்தனை அதேதான்.

பிரஷ் பட்டைக்கு வருவோம். அலுமினியச் சட்டத்தில் நைலான் முடி நெருக்கமாக வைத்தது. மேட்டில் முடி மடங்கும், பள்ளத்தில் நிமிரும், திறக்கும்போது கல்லைக் கீறாது. 10, 12 மி.மீ. வித்தியாசம் வரைக்கும் தாங்கும். தரை கோணலான வாசலுக்குக் கடைப்பொருள்களில் என் ஓட்டு இதற்குத்தான். முடியின் நீளத்தைப் பள்ளத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்: மிகப் பெரிய சந்திலும் முடி தரையைத் தொட்டு லேசாக மடங்கணும். அடர்த்தியான முடியாக இருக்கட்டும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியக் கூடாது. கதவின் உள்பக்கத்தில் மாட்டுங்கள், முகத்தில் செதுக்கு வேலை கெடாது, சாரலும் படாது.

குறைகளும் இருக்கின்றன. தண்ணீர் தாராளமாக உள்ளே வரும். எறும்பு வரும். கோலமாவும் ஈரமும் சேர்ந்து முடியின் நுனியில் கட்டியாகிவிடும், அப்புறம் அது விறைத்துப்போய் வளையாது. பழைய பல்துலக்கியால் அவ்வப்போது தேய்த்து அலசினால் போதும். எலி கடித்து இழுக்கும் என்பதுதான் பெரிய குறை. ஆள் நடமாட்டம் இருக்கிற வீட்டில் அவ்வளவாக நடக்காது.

கதவு மூடும்போது தானாக இறங்கி, திறக்கும்போது மேலே ஏறிக்கொள்கிற சீல் ஒன்று விற்கிறது. சில ஆயிரம் ஆகும். கீல் பக்கத்து நிலையில் ஒரு சின்ன பொத்தான் மோதி அழுந்தும்போது உள்ளே இருக்கிற ரப்பர் இறங்கும். திறக்கும் வழியில் தரை ஏறுகிற வீட்டுக்கு நியாயமாக இதுதான் மருந்து. நவீன ஒற்றைக் கதவாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம், இரண்டு முனையும் தனித்தனியாக இறங்குகிற வகை கிடைத்தால் கோணல் தரைக்கு இன்னும் நல்லது. நம் பழைய இரட்டைக் கதவுக்கு இது சேராது. குடுமியில் சுற்றுகிற கதவு நிலைக்குப் பின்னால் உட்காருகிறது, பொத்தான் மோதுவதற்கு எதிரில் நிலை இருக்காது. அடியில் காடி (நீளவாக்கில் பள்ளம்) எடுத்துப் புதைக்க வேண்டிய வகையாக இருந்தால், நூறு வருஷத் தேக்கில் காடி எடுப்பதா என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவிட மாட்டேன்.

இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு பழைய புடவையில் நீளமாகப் பை தைத்து, கழுவிக் காயவைத்த ஆற்றுமணலை நிரப்பி, ராத்திரி கதவடியில் போட்டால் என்ன? தரையோடு இவ்வளவு நெருக்கமாகப் படிகிற பொருள் வேறு எதுவுமே இல்லை. எடை இருப்பதால் எலி நகர்த்தாது. வீட்டில் எப்போதும் ஆள் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். வெளியே பூட்டிக்கொண்டு போகிற வீட்டுக்குத்தான் இது ஆகாது, உள்ளேயிருந்து போட ஆள் வேண்டுமே.

தரையை நேராக்குவது

வீடு முழுக்க உங்களுடையது, சந்தின் வித்தியாசம் 12 மி.மீ.க்கு மேல் என்றால், கடைப்பொருளை நம்பாமல் கல் பட்டை வைப்பதே நல்லது. படியைத் திரும்ப வைப்பதல்ல இது. கதவு மூடி நிற்கிற கோட்டில், கதவின் கனத்தைவிடக் கொஞ்சம் அகலமாக, கிரானைட்டிலோ கடப்பாக் கல்லிலோ ஒரு பட்டையைப் புதைத்து, அதன் மேல்பரப்பை ரசமட்டம் பிடித்து நேராக்குவது. தெரிந்த ஓர் ஆசாரி தன்னை அழைத்த வீட்டில் சொன்னது இது: "ஆச்சி, கதவுல ஒரு குத்தமும் இல்லை. கொத்தனாரைக் கூப்பிடுங்க, எனக்கு இங்க வேலையில்லை."

கொத்தனாரிடம் சில விஷயங்களை முன்னாலேயே பேசிக்கொள்ள வேண்டும். பட்டையின் உயரத்தை நிர்ணயிப்பது உள்தரையின் மேடு, சந்தின் பள்ளம் அல்ல. கதவு சுற்றுகிற வழியில் மிக உயர்ந்த இடத்தைவிடப் பட்டை ஓரிரு மில்லிமீட்டராவது உயர்ந்து நின்றால், பட்டையைத் தொட்டு உட்காருகிற ரப்பர் திறக்கும்போது எங்கும் உரசாது. கதவின் அடி அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றால் கதவைத்தான் கொஞ்சம் உயர்த்த வேண்டும். ஆத்தங்குடிக் கல்லின் மேல் அப்படியே கலவை போட்டுப் பட்டையை ஒட்டக் கூடாது, எண்ணெய் ஏறிய வழவழப்பில் கலவை பிடிக்காமல் கொஞ்ச நாளில் கழன்று வரும். அந்த ஒரு வரிசைக் கல்லைப் பெயர்த்துத்தான் வைக்க வேண்டும். பெயர்த்ததைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்துங்கள், அதே டிசைன் இப்போது கிடைப்பது உறுதியில்லை. பட்டைக்கும் கல்லுக்கும் நடுவில் சிலிகோன் பசை பிதுக்குகிற பழக்கத்தையும் தடுத்துவிடுங்கள், நுண்துளை உள்ள கல்லில் அது எண்ணெய்க் கறைபோல் ஊறும்.

வீல்சேருக்காகப் படியை எடுத்த வீட்டில் மறுபடி ஒரு தடையா என்று கேட்பீர்கள். வெளித்தரையிலிருந்து அரை அங்குலத்துக்குள் உயரம் இருந்து, இரண்டு பக்கமும் விளிம்பைச் சரித்துவிட்டால் சக்கரம் ஏறிவிடும். சதுர விளிம்பாக விட்டால் சக்கரம் முட்டும், பெரியவர்கள் கால் தடுக்கும். வெளிப்பக்கச் சரிவு தண்ணீரையும் வெளியே தள்ளும். மரப் பட்டை வைக்கலாமா என்றால், தினமும் தண்ணீர் தெளிக்கிற இடத்தில், கறையான் மண்ணில், கல்லே மேல்.

பட்டை வைத்தபின் கதவடியில் சாதாரண ரப்பர் நாக்கே போதும். தண்ணீர், தூசி, தேள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடைத்துவிடும்.

பங்காளி வீடு, பூட்டிய வீடு

இங்கே பல வீடுகள் ஒருவருக்குச் சொந்தமில்லை. முகப்பும் வளவும் (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு) எல்லாப் பங்காளிகளுக்கும் பொது, வாசல் நிலையில் ஆணி அடிக்கக்கூட நாலு ஊருக்குப் போன் போட வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் கல்லைப் பெயர்ப்பதைப் பற்றிப் பேச்சை எடுக்காதீர்கள். பிரஷ் பட்டையை உள்பக்கத்து அடிச்சட்டத்தில் சின்ன ஸ்க்ரூக்களால் மாட்டுங்கள். யாராவது ஆட்சேபித்தால் கழற்றிவிட்டு, தேக்குத் தூளைப் பசையில் குழைத்து ஓட்டையை அடைத்தால் தெரியாது.

சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடு என்றால் கணக்கு மாறும். எலிக்கு மாதக்கணக்கில் அவகாசம் இருக்கிறது, நைலானும் ரப்பரும் அதுவரை தாங்காது. பிரஷ்ஷுக்குப் பின்னால், தரையைத் தொடாமல் சில மில்லிமீட்டர் மேலே நிற்கிற மாதிரி ஒரு ஸ்டீல் தகட்டைச் சேர்த்து மாட்டச் சொல்லுங்கள், தகட்டின் அடியைத் தரைக்கேற்ப வெட்டிக்கொள்ளலாம். முற்றத்துத் தண்ணீர் தெருவுக்குப் போகிற தாரைக்கும் கம்பிவலை போட்டுவிடுங்கள். வாசலில் ஆயிரம் ரூபாய்க்குச் சீல் மாட்டிவிட்டு இதைத் திறந்து வைத்திருக்கிற வீடுகள்தான் அதிகம்.

இரட்டைக் கதவாக இருந்தால் இன்னும் இரண்டு இடம் பாக்கி. நடுவில் இரண்டு கதவும் சேருகிற அடிமூலையில் பட்டைகள் ஒன்றையொன்று முட்டாமல் இருக்க ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வெட்ட வேண்டும், வெட்டிய இடம் விரற்கடை அளவு திறந்து நிற்கும். முதலில் மூடுகிற கதவின் பட்டையை நீளமாக விட்டு, இரண்டாவது அதன் மேல் படிகிற மாதிரி அமைத்தால் அது மறையும். கீழ்த் தாழ்ப்பாள் இறங்குகிற இடத்தில் பட்டையை முழுசாக அறுக்காமல் தாழ்ப்பாள் கம்பியின் பருமனுக்கு மட்டும் பிளவு எடுத்தால் போதும். தரையில் இருக்கிற தாழ்ப்பாள் குழியில் கோலமாவும் மண்ணும் சேர்ந்து கம்பி முழுதாக இறங்காமல் கதவு அரை விரல் தள்ளியே நிற்பதுண்டு. பட்டை மாட்டுகிற அன்றைக்கே அதையும் கிளறிச் சுத்தம் பண்ணிவிடுங்கள்.